முடிச்சுக் கயிறும் ஊர்ப் பாத்தியதையும்

எல்பே நதி பொஹீமிய மலைகளை விட்டுச் சாக்சனிக்குள் நுழைகிற இடத்தில், இரு கரைகளிலும் அடர்ந்த காட்டுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு மணற்பாறைத் தூண்கள் நிற்கின்றன. டைனோசர்கள் உலவிய யுகத்தில் ஆழமில்லாத கடல் ஒன்றின் அடியில் படிந்து இறுகிய மணல் அது. கடல் விலகி, நிலம் உயர்ந்து, நதியும் மழையும் பனியும் அதைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துப் பிளந்ததில், தனித்து நிற்கும் சிகரங்கள் என்று பாறையேறுகிறவர்களின் ஜாபிதாவில் பதிவானவை மட்டும் இன்று 1,100-க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் சில ஓர் ஓட்டு வீட்டின் உயரந்தான். சில 250 அடியைத் தாண்டியவை. நடந்தே உச்சிக்குப் போய்விடக்கூடிய எதையும் அவர்கள் சிகரமென்று ஒப்புக்கொள்வதில்லை. பெருமலையோடு ஒட்டிய சுவர்களிலும் ஏறுவதில்லை. நாற்புறமும் பிரிந்து நிற்பதுதான் அவர்கள் கணக்கில் பாறை.

இந்தத் தூண்களில் ஏறுவதற்கென்று அங்கே ஒரு தர்மசாஸ்திரம் உண்டு. உலோக ஆப்பு எதையும் பிளவில் செருகக் கூடாது. கை வியர்வையை உலர்த்த உலகமெங்கும் பாறையேறுகிறவர்கள் பூசிக்கொள்ளும் வெள்ளை மக்னீசியத் தூளைப் பையில் கட்டிக்கொண்டு வரக் கூடாது. மழை பெய்து பாறை ஈரமாயிருக்கும் நாளில் அதன்மேல் கால் வைக்கக் கூடாது. புதிய வழியொன்றை முதன்முதல் ஏறுகிறவன், கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே, நிற்கக் கிடைத்த இடத்தில் நின்று துளையிட்டு இரும்பு வளையத்தைப் பதிக்க வேண்டுமேயல்லாமல், உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கிவந்து சௌகரியமான இடங்களிலெல்லாம் பதித்து வைத்துவிட்டு, பிறகு ஒன்றும் அறியாதவன்போலக் கீழே போய் ஏறத் தொடங்கக் கூடாது. அவன் பதித்த வளையங்களுக்குமேல் இன்னொன்றைத் தன்னிஷ்டப்படி சேர்க்கும் பாத்தியதை பின்னால் வருகிறவன் எவனுக்கும் கிடையாது. இவ்வளவு கண்டிப்பான சாஸ்திரம், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று எட்டாத பிடியை எட்டிப் பிடிப்பதை மட்டும் தாராளமாக அனுமதிக்கிறது! வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பரிகாசம் செய்வதுண்டு. உள்ளூர்க்காரர்கள் அந்தப் பரிகாசத்துக்குப் பதில் சொல்வதில்லை; தோள்தான் கொடுக்கிறார்கள்.

1986-ஆம் வருஷத்து இலையுதிர்காலத்தில், அப்போது ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு என்று வழங்கிய தேசத்துக்கு, உலோகங்கள் ஓயாத அதிர்ச்சியால் எவ்விதம் தளர்ந்து முறிகின்றன என்பதை ஆராய்வதற்காக நான் போனேன். டிரெஸ்டன் நகரத்தில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேண்டிய எஃகு மாதிரிகளைக் கடைந்து கொடுத்தவர் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு பட்டறைக்காரர். வாரத்தில் ஆறு வார்த்தைக்குமேல் பேசாத அந்த மனிதர், ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், கையில் இருந்த எஃகுத் துண்டைத் துடைத்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை சும்மாத்தானே இருப்பாய்?" என்று கேட்டார். அவர் ஏன் கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. விடுதியில் தனியே கிடந்து உருளைக்கிழங்கு அவித்துத் தின்கிற அந்நிய மாணவன்மேல் பிறந்த இரக்கமாக இருக்கலாம்.

ரயிலில் நதியோரமாகப் போய் ராத்தன் என்ற சிற்றூரில் இறங்கினோம். அங்கே நதியைக் கடக்கும் படகுக்கு இயந்திரம் இல்லை. ஆற்றின் நடுவே நங்கூரமிட்ட நீண்ட வடத்தில் கட்டுண்டு, நீரோட்டத்தின் தள்ளுதலினாலேயே கரைக்குக் கரை ஊசலாடுகிறது. அக்கரையில் அவருடைய சங்கத்தார் காத்திருந்தார்கள். அந்தப் பிராந்தியத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொள்வது, தாத்தா காலத்திலிருந்து வருகிற வழக்கம். எங்கள் கோஷ்டியில் தபால் இலாகாவில் ஒருவர், பள்ளி ஆசிரியர்கள் இருவர், தச்சர் ஒருவர், கூரிய நாக்குடைய ஒரு பல் வைத்திய அம்மாள் என்று பலரகமானவர்கள் இருந்தார்கள். நான் எந்த நாடு, என்ன மதம், அங்கே யானை உண்டா என்று நகரத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விகளை இவர்கள் கேட்கவில்லை. உங்கள் பக்கத்தில் என்ன பாறை என்று கேட்டார் தச்சர். கருங்கல் என்றேன். அதில் ஏறியிருக்கிறாயா என்றார் பல் வைத்தியர். இல்லை, வேறு எங்கும் ஏறியதில்லை என்றேன். "மிகவும் நல்லது" என்று இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அந்தப் பதிலின் பெறுமானம் நான்கு வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கிற்று.

பட்டறைக்காரர் என்னை முதலில் பாறையில் ஏற்றவில்லை. அடிவாரத்துப் பிளவு ஒன்றின் முன்னே நிறுத்தி, தோளில் மாலையாகத் தொங்கிய கயிற்று வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். சுண்டு விரல் கனத்திலிருந்து கட்டைவிரலைவிடத் தடித்தது வரையில் பலவகைக் கயிறுகள். ஒவ்வொன்றையும் வளையமாக்கி இட்ட முடிச்சு, அந்தந்தக் கயிற்றின் கனத்துக்கேற்பச் சிறிதும் பெரிதுமாக இருந்தது. பிளவு மேலே சற்று அகன்று கீழே குறுகுகிற இடத்தைக் கண்ணால் அல்ல, விரலை உள்ளே விட்டுத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே எந்த முடிச்சு பொருந்தும் என்று தீர்மானித்து, அதைத் தட்டையான மரக்குச்சியால் உள்ளே தள்ளி, கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்து இறுக்க வேண்டும். பக்கவாட்டில் கயிறு அசைந்தால் முடிச்சு வெளியே உருண்டுவிடாதபடி அது பாறையில் இரண்டு பக்கமும் அழுந்தியிருக்க வேண்டும். மெல்லிய பாறைத் தூண் ஒன்றின் பின்னே துவாரம் இருந்தால், கயிற்றை அதன் வழியே கோத்துக் கட்டிவிடலாம், அது அதிருஷ்டம். ஏறுகிறவன் தவறி விழுந்தால் அவனைத் தாங்குவது இவ்வளவுதான். நான் வைத்த முடிச்சை அவர் வந்து இழுத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததைப் பார்க்கப் போவார்; இல்லையென்றால் அதை உருவி என் கையில் கொடுத்துவிடுவார், அதையும் ஒன்றும் சொல்லாமலே. வாரம் முழுவதும் எஃகைக் கடைகிற மனிதர், கயிற்றை மாட்டும் கொக்கிகளைத் தவிர ஓர் உலோகத் துண்டையும் ஞாயிற்றுக்கிழமையில் தம்மோடு எடுத்துவருவதில்லை. உலோகத்தின் பலவீனங்களைப் படிக்கப் போன நான், உலோகத்தின் துணையில்லாமல் நிற்கப் பழகினேன்.

காரணம் கேட்டால் அவர்கள் பாறையைத்தான் காட்டுவார்கள். அந்த மணற்பாறைக்கு மேலே கெட்டியான ஒரு தோல் உண்டு. அது பெயர்ந்தால் உள்ளே இருப்பது விரலால் தேய்த்தாலே உதிரும். இரும்பை இடுக்கி விழுந்தால் பிளவின் விளிம்பு நொறுங்கும். ஈரத்தில் அந்தக் கல்லின் பலம் வெகுவாகக் குறைந்துபோகிறது. வெள்ளைத் தூளோ, பாறையின் நுண்ணிய துளைகளை அடைப்பதோடு, எந்தப் பிடியில் கை வைக்கவேண்டும் என்று பின்வருகிறவனுக்குக் கோலம் போட்டுக் காட்டிவிடுகிறது. இவையெல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால் காரணங்கள் தீர்ந்துபோன பிறகும் நியமம் மிஞ்சியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காரணமும் இல்லாவிட்டாலும் அவர்கள் அதை அனுஷ்டித்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

உச்சியை அடைந்ததும் செய்யவேண்டிய ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு சிகரத்தின் தலையிலும் ஓர் உலோகப் பேழை பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு புஸ்தகமும் பென்சிலும் இருக்கும். ஏறியவர்கள் தேதியையும், எந்த வழியாக ஏறினார்கள் என்பதையும், முன்னே சென்றவர் பின்னே வந்தவர் என்ற வரிசையில் பெயர்களையும் எழுதவேண்டும். அந்த வருஷத்தில் அச்சிகரத்தில் முதன்முதல் கால்வைத்தவர்கள் என்றால் அதையும் குறித்துக்கொள்ளலாம். அது ஒரு சிறு கௌரவம். ஜனவரி மாதத்துக் குளிரில் இதற்காகவே விடியுமுன் புறப்படுகிற கிழவர்கள் அங்கே உண்டு. என் பெயரை முதலில் ரோமன் எழுத்தில்தான் எழுதினேன். தபால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, உன் எழுத்திலும் எழுது, பின்னால் வருகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும் என்றார். அப்படியே எழுதினேன். அடுத்த வசந்தத்தில் வேறொரு சங்கத்தார் எங்களை ரயிலடியில் மடக்கி, அந்தச் சுருள் சுருளான எழுத்துக்கு உரியவன் யார் என்று விசாரித்தார்கள்.

இரவுகளில் பாறைக் குடைவுகளின் கீழே படுத்துக்கொள்வோம். அங்கேதான் பழைய விருத்தாந்தங்களெல்லாம் என் காதில் விழுந்தன. 1864-இல் பாட் ஷாண்டாவ் ஊரைச் சேர்ந்த தேகப்பயிற்சிக்காரர்கள் ஐவர் ஃபால்கன்ஷ்டைன் என்ற பெரும் பாறையின்மேல் செயற்கைத் துணைகளைக் கொண்டு ஏறினார்கள். பத்து வருஷம் கழித்து 1874-இல் ராத்தனுக்கு அருகிலுள்ள மேன்ஷ் என்ற தூணில் இருவர் கையையும் காலையும் மட்டும் நம்பி ஏறினார்கள். துணைகொண்டு ஏறுவதா, துணையின்றி ஏறுவதா என்ற விவகாரத்துக்கு முடிவு கட்டியவர் ருடோல்ஃப் ஃபேர்மான். சட்டம் படித்தவரான அவர் 1908-இல் இந்தப் பாறைகளுக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார்; 1913-இல் வந்த மறுபதிப்பில், எப்படி ஏறினால் ஏறியதாகக் கணக்கு என்பதை விதிகளாகவே வகுத்துவிட்டார். இந்த ஃபேர்மானின் இணைபிரியாத கயிற்றுத் தோழர் ஆலிவர் பெரி-ஸ்மித் என்ற அமெரிக்கர். ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து இளவயதில் டிரெஸ்டனுக்கு வந்து சேர்ந்தவர். தாய் சொல்லைத் தட்டிவிட்டுக் கோயிலுக்குப் போகாமல் காட்டுப்பழம் பறிக்கப் போனதால் கல்லாய்ச் சமைந்த பெண் என்று ஊரார் கதை சொல்கிற பார்பரீன் என்னும் மெல்லிய ஊசிப்பாறையை இருவரும் 1905-இல் ஏறினார்கள். மறுவருஷம் பெரி-ஸ்மித் சாத்தான் கோபுரம் என்று பெயர்பெற்ற டாய்ஃபெல்ஸ்டூர்மின் உச்சியில் நின்றார். எந்தப் பாறையை எந்த ஊர்க்காரன் எப்படித் தொடவேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் இன்றுவரை பிறருக்குப் போதிக்கிற தர்மத்தின் இரு கர்த்தாக்களில் ஒருவர், அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்! இதை நான் ஒருமுறை வியப்போடு சொன்னபோது பல் வைத்தியர், "அவர் அமெரிக்கராக இருந்தது அமெரிக்காவில்" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

நேர்மாறான கதையும் உண்டு. 1900-இல் டிரெஸ்டனில் பிறந்து இந்தப் பாறைகளில் பழகிய ஃப்ரிட்ஸ் வீஸ்னர், 1929-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நியூயார்க்குக்கு வடக்கேயுள்ள ஷாவாங்கங் பாறைச் சுவர்களில் சாக்சனியின் முறையைத் தொடங்கிவைத்தார். 1937-இல் வயோமிங்கிலுள்ள டெவில்ஸ் டவரைத் துணையின்றி ஏறினார். 1939-இல் கே-2 சிகரத்தின் உச்சிக்கு வெகு சமீபம் வரை போய்த் திரும்பினார். முதுமையில் அவர் டிரெஸ்டனுக்கு வந்தபோதெல்லாம் அயலூர் போய்வந்த அண்ணனைப்போல வரவேற்கப்பட்டார் என்று கேள்விப்பட்டேன். நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாலக்காட்டில் பிறந்தவனானாலும் அரியக்குடியாரின் சிஷ்ய பரம்பரையில் பாடக் கற்றவன் அரியக்குடி பாணிக்காரன்தான். தஞ்சாவூரிலேயே பிறந்திருந்தாலும் வேறிடத்தில் பாடம் கேட்டவன் வேறு பாணிக்காரன். எல்பே நதிக்கரையில் ஊர்ப் பாத்தியதை என்பது அப்படித்தான் நிர்ணயமாகிறது என்று அந்த நாளில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி அது உண்மைதான்.

1989-இன் இறுதியில் பெர்லின் சுவர் இடிந்தது; 1990-இன் வசந்தத்தில் மேற்கிலிருந்து கார்கள் வந்தன. பளபளக்கும் இறுக்கமான காற்சட்டைகளும், இடுப்பைச் சுற்றிக் கலகலவென்று ஒலிக்கும் உலோக ஆயுதங்களும், பின்னால் தொங்கும் தூள் பையுமாக அவர்கள் அடிவாரத்தில் இறங்கியபோது, எங்கள் கோஷ்டி தானே தைத்த இடுப்புப் பட்டைகளோடு பாறை நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. மியூனிக் நகரத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன், நல்ல பிள்ளை, மரியாதையாகவே பேசினான். நாற்பது வருஷம் உங்களுக்கு நல்ல கருவிகள் கிடைக்கவில்லை, அதனால்தான் கயிற்றில் முடிச்சுப்போட்டுக் காலந்தள்ளினீர்கள், இனி அந்தக் கஷ்டம் வேண்டியதில்லை என்று ஆறுதல் சொன்னான். தன்னுடைய உலோக ஆப்புகளில் சிலவற்றை இனாமாகக் கொடுக்கவும் முன்வந்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பட்டறைக்காரர் எழுந்து, ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீ சொல்" என்றார்.

நான் சொன்னேன். இந்த விதிகள் வறுமையால் வந்தவையல்ல, 1913-இலேயே அச்சேறியவை, அப்போது கிழக்கு என்றும் மேற்கு என்றும் இரண்டு ஜெர்மனி கிடையாது என்று என் தமிழ் உச்சரிப்பு தோய்ந்த சாக்சனிக் கொச்சையில் எடுத்துச் சொன்னேன். அந்தப் பையன் என் முகத்தையும் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தன் தாய்மொழியிலேயே தன்னை அந்நியன் என்று இன்னோர் அந்நியன் அறிவிப்பதைக் கேட்க நேர்ந்தவனுடைய திகைப்பு அது. பாவம், அவன் தூள் பையைக் கழற்றிக் காரில் வைத்துவிட்டு வந்தான். அன்று மாலைவரை எங்களோடு இருந்து முடிச்சு வைக்கக் கற்றுக்கொண்டான்.

அந்த வருஷங்களில் அவர்களுடைய பிடிவாதத்தை வெறும் பிராந்திய கர்வம் என்று தள்ளிவிட முடியாது. பணம் மாறிற்று, சட்டம் மாறிற்று, தெருக்களின் பெயர் மாறிற்று. தச்சருடைய தம்பி இருபது வருஷம் உழைத்த ஆலை ஒரே மாதத்தில் மூடப்பட்டது. இதுவரை நீங்கள் செய்ததெல்லாம் தவறு என்று தினந்தோறும் யாராவது ஒருவர் வந்து சொல்லிக்கொண்டிருந்தார். 1911-இல் ஸ்தாபிக்கப்பட்டு, பின்னர் கலைந்துபோயிருந்த பழைய பாறையேறுவோர் சம்மேளனம் மறுபடி உயிர்பெற்றது; அதன் கூட்டங்களில் விதிகளைத் தளர்த்தலாமா என்ற பேச்சு எழாமலில்லை. தளர்த்தவில்லை. இரண்டு சாம்ராஜ்யங்களையும் இரண்டு குடியரசுகளையும் தாண்டிவந்த ஒரே சட்டம் அவர்கள் கையில் அதுதான் மிஞ்சியிருந்தது. அதே 1990-இல் அந்தப் பாறைப் பிரதேசம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, எங்கே ஏறலாம் எங்கே ஏறக்கூடாது என்று அரசாங்கம் வேறு தன் பங்குக்கு விதிகள் செய்தது. அவற்றை அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஞாபகங்கள் அரைகுறையாகிவிடும். 1991-ஆம் வருஷம் ஈஸ்டர் பண்டிகையின்போது டிரெஸ்டன் நகரத்து டிராம் வண்டியில், மொசாம்பிக்கிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஜார்ஜ் கொமொண்டாய் என்ற இளைஞர் ஒரு கும்பலால் தாக்கப்பட்டு, ஓடும் வண்டியிலிருந்து விழுந்து, சில நாள்களில் இறந்துபோனார். அந்த செப்டம்பரில் ஹோயர்ஸ்வேர்டா ஊரில் வியட்நாமியரும் மொசாம்பிக்கியரும் தங்கியிருந்த விடுதியைக் கல்லாலும் தீயாலும் தாக்கினார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். இருட்டிய பிறகு டிராமில் ஏறுவதை நான் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்காரர் விடிகாலையில் என் விடுதி வாசலில் வந்து நிற்பார். இரவு திரும்பும்போது அதே வாசல்வரை வருவார். அவர் வீடு நகரத்தின் மறுகோடியில் இருந்தது. இதைப்பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பேசியவர் வேறொருவர். எங்கள் கோஷ்டியில் நன்றாகப் பாடுகிறவர், என் உயிரைப் பலமுறை தம் கயிற்றில் தாங்கியவர், ஒரு மாலையில் குடைவின் கீழே பீர் அருந்திக்கொண்டே, இந்த வியட்நாம்காரர்களும் ஆப்பிரிக்காக்காரர்களும் ஊருக்குத் திரும்பிப் போனால்தான் நமக்கு விமோசனம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன்னைச் சொல்லவில்லை, நீ நம்ம ஆள்" என்று தோளைத் தட்டினார். அதில் கபடம் இல்லை, அன்போடுதான் சொன்னார். ஆனால் அந்தக் கை தோளில் இருந்த நேரமெல்லாம், முடிச்சு வைக்கத் தெரியாத, சிகரப் புஸ்தகத்தில் பெயரில்லாத, தோலின் நிறத்தில் மட்டும் எனக்கு உறவான ஒருவன் டிராமில் தனியே உட்கார்ந்திருப்பது என் கண்ணை விட்டு அகலவில்லை. பல் வைத்தியர் சண்டைக்கு எழுந்தார். நாட்ஸி ஆட்சியில் இந்தக் காட்டு வழியாகத்தான் செந்நிற மலையேறிகள் என்று பெயர்பெற்ற தொழிலாளர்கள் தடைசெய்யப்பட்ட பிரசுரங்களை எல்லை கடத்தி வந்தார்கள் என்றும், பாறையேறுகிறவர்களின் பாட்டுக் குழுவை நடத்திய குர்ட் ஷ்லோஸரை 1944-இல் இதே டிரெஸ்டனில் சிரச்சேதம் செய்தார்கள் என்றும், அவர் பெயரைத் தாங்கிய குழுவின் பாட்டுகளைப் பாடிக்கொண்டு இப்படிப் பேசுகிற வாய் என்ன வாய் என்றும் பொரிந்து தள்ளினார். பாட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கயிற்றின் மறுமுனையை அவர்தான் பிடித்தார். நானும் அதில் கட்டிக்கொண்டு ஏறினேன். அதற்கு என்ன பெயரிடுவது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. பாறை கொடுக்கிற பாத்தியதை பாறையடியோடு நின்றுவிடுகிறது என்பதும், அவ்வளவு தூரத்துக்காவது அது செல்லுபடியாகிறது என்பதும் அன்று ஒருசேரத் தெரிந்தன.

என் படிப்பு முடிகிற தறுவாயில், பவேரியாவின் வடபகுதியிலுள்ள ஃபிராங்கன்யூரா என்ற சுண்ணாம்புப் பாறைப் பிரதேசத்துக்கு அந்த மியூனிக் பிள்ளை என்னை அழைத்துப் போனான். அங்கே எட்டுக்கெட்டு இரும்பாணி பதித்திருந்தது. பிடிகளெல்லாம் தூள் பூசி வெளுத்திருந்தன. வழிகளின் அடியில் சிவப்புப் பொட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பொட்டு குர்ட் ஆல்பர்ட் என்பவர் 1975-இல் தொடங்கிய வழக்கம். ஆணியைப் பிடித்துத் தொங்காமல், கயிற்றில் இளைப்பாறாமல், அடியிலிருந்து உச்சிவரை ஏறி முடித்த வழிக்கு அடையாளம். அந்த எண்ணம் அவருக்கு உதித்ததே எல்பே நதிக்கரைப் பாறைகளைப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அன்று முழுவதும் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தேன். ஆணிகள் நெருக்கமாக இருக்கின்றன, இது ஏணி ஏறுவதுபோல என்றேன். இப்படி வெளுத்த பாறையைப் பார்க்கவே கண் கூசுகிறது என்றேன். என் நண்பன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ சுத்த சாக்சனிக்காரன், அவர்கள்தான் இப்படிக் குறைசொல்வார்கள்" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒரு வித்தையை ஓரிடத்தில் கற்கிறவன் அவ்விடத்துத் துவேஷங்களையும் சேர்த்தே கற்றுவிடுகிறான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவை வித்தையைவிடச் சுலபமாகக் கைவருகின்றன.

இந்தியாவுக்குத் திரும்பி வெகுகாலம் கழித்து, உத்தியோக நிமித்தமாக ஐரோப்பா சென்றபோது டிரெஸ்டனில் இறங்கினேன். சிதைவின் காரணமாக 1975-இல் ஏறுவதற்கு மூடப்பட்ட பார்பரீன் பாறை அப்படியே மூடிக் கிடந்தது. பாட்டுக்காரர் காலமாகிவிட்டார். பல் வைத்தியர் முழங்கால் வலியோடு வீட்டில் இருந்தார். எண்பதை எட்டிக்கொண்டிருந்த பட்டறைக்காரர் மட்டும் என்னோடு ராத்தனுக்கு வந்தார். ஏறுவதில்லை, அடிவாரத்தில் உட்கார்ந்து பார்ப்பார். எளிதான ஒரு வழியின் கீழே நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, இருபது இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் வந்து, மிகுந்த அக்கறையோடு, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்தி, ஆங்கிலத்தில், இங்கே வெள்ளைத் தூள் உபயோகிக்கக் கூடாது, உலோகக் கருவிகளும் கூடாது, இது இந்த ஊர் வழக்கம், தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம் என்று எனக்கு எடுத்துரைத்தான். நான் அவனைத் தடுக்கவில்லை. விதிகளைச் சரியாகவே சொன்னான், ஒன்றை மட்டும் விட்டுவிட்டான்.

பட்டறைக்காரர் கல்லின்மேல் உட்கார்ந்தபடியே, "தம்பி எந்த ஊர்?" என்றார்.

"லைப்சிக்."

"லைப்சிக்கா! அது சமவெளி ஆயிற்றே" என்றார் கிழவர். டிரெஸ்டனுக்கும் லைப்சிக்குக்கும் ஆதிகாலத்திலிருந்தே ஒத்துக்கொள்வதில்லை. "இவருடைய பெயர் இந்தப் பாறைப் புஸ்தகத்தில் நீ பிறப்பதற்கு முன்பே ஏறிவிட்டது. நீ விட்டுப்போன விதி எதுவென்று அவரையே கேள்."

பையன் முகம் சிவந்தாலும் கோபித்துக்கொள்ளவில்லை. நேற்று மாலை தூறியதே, பாறையின் வடபக்கம் உலர்ந்துவிட்டதா என்று பார்த்தாயா என்று நான் அவனுடைய மொழியிலேயே கேட்டேன். இல்லை என்றான். இருவருமாகப் பின்பக்கம் போய்த் தொட்டுப் பார்த்தோம். ஈரமாகத்தான் இருந்தது. அன்று அந்த வழியில் ஏறாமல், வெயில் படுகிற வேறொரு சிகரத்தைத் தேடிக்கொண்டு மூவரும் நடந்தோம். போகிற வழியெல்லாம் லைப்சிக்காரன் தன் தோளிலிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிழவரிடம் காட்டிக்கொண்டே வந்தான். அவர் சிலவற்றை இழுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். சிலவற்றை அவிழ்த்துவிட்டுக் கொடுத்தார்.